பதிந்த வீணையை இழுக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மின்னணு இசை பற்றி வந்த கட்டுரையையும், அதை மறுத்து மூன்று நாள் கழித்து வெளியான வாசகர் கடிதத்தையும் படித்தோம். கட்டுரையாளர், எல்லா வாத்தியங்களையும் பதிவு செய்து சில்லுக்குள் அடைத்துவிட்டார்கள், பொத்தானை அழுத்தினால் வீணை வந்துவிடும் என்கிறார். கடிதம் எழுதியவரோ இயந்திரத்தில் கமகம் (சுரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிப்பது) ஒருநாளும் வராது என்று அடித்துச் சொல்கிறார். இருவரும் ஒரே தவறான நினைப்பிலிருந்துதான் பேசுகிறார்கள். வாத்தியத்தைப் போலிசெய்வது என்றால் அதைப் பதிவு செய்வது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பதிவு அதில் ஒரு வழி மட்டுமே. வீணையைப் பொறுத்தவரை அது மோசமான வழியும்கூட.

முதலில் ஒரு பிழைதிருத்தம். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டில் பதிவான ஒலிகள் இருந்ததாகக் கட்டுரை சொல்கிறது. அதில் பதிவு ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் சைன் அலை பிறப்பிக்கும் ஆறு 'ஆபரேட்டர்கள்', அவற்றை ஒன்றோடொன்று கோப்பதற்கு 32 விதமான அமைப்புகள், அவ்வளவே. ஒரு சைன் அலையின் அதிர்வெண்ணை இன்னொரு சைன் அலையால் வேகமாக ஆட்டினால் புதிய மேல்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த அதிர்வுகள், முளைக்கும். இதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்து 1973இல் கட்டுரையாக வெளியிட்டார். பித்தளை ஊதுகருவி பலமாக ஊத ஊதப் பிரகாசமாகிறது. ஆட்டும் அளவையும் ஒலியின் பலத்தோடு சேர்த்து ஏற்றி இறக்கினால் அந்தக் குணம் வந்துவிடுகிறது. மணி, டிரம்பெட், மின் பியானோ எல்லாம் இப்படிப் பிறந்தவை. ஆக, 'நகல்' என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட முடியாது.

பதிவு வழி எங்கே நன்றாக வேலை செய்கிறது என்றால், வாசிப்பவர் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடும் வாத்தியங்களில். பியானோவில் சுத்தியல் கம்பியை அடித்த பிறகு அந்தச் சுரத்தை வளைக்க வாசிப்பவருக்கு வழியில்லை. அதனால் கட்டைக்குக் கட்டை, பலத்துக்குப் பலம் பதிந்து வைத்தாலே பெரும்பகுதி முடிந்தது. மிருதங்கமும் ஓரளவு அப்படித்தான். பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பலம், ஒவ்வொரு பலத்துக்கும் நான்கு வெவ்வேறு அடி என்று 160 கோப்புகள் எடுங்கள். ஒன்றரை வினாடி, மோனோ, 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்றால் மொத்தம் 35 எம்.பி.க்குள் அடங்கிவிடும். அந்த 'நான்கு வெவ்வேறு அடி'யைச் சிக்கனப்படுத்த வேண்டாம். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் மூன்றாம் காலத்தில் மிருதங்கம் தையல் மெஷின் ஆகிவிடும். இடப்பக்கத் தோலான தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி எழுப்பும் கும்கி மட்டும் பதிவுக்குள் அடங்காது. அதன் ஏற்றம் ஒவ்வொரு முறையும் வேறு.

வீணைக்கு வருவோம். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் சுத்த ரிஷப மெட்டில் (தந்திக்கு அடியில் உள்ள உலோகக் குறுக்குக் கம்பியில்) இருக்கிறது. ஒரு மீட்டுத்தான். பிறகு அதே மெட்டின் மேல் தந்தியை மத்தியமம் வரை இழுத்து, விட்டு, மறுபடி இழுக்கிறார்கள். ரிஷபத்திலிருந்து மத்தியமம் நான்கு அரைச்சுரம், அதாவது அதிர்வெண் 1.26 மடங்கு. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு கூடுவது, ஆகவே 1.59 மடங்கு. விரல் நுனி தந்தியில் ஏறக்குறைய 59 சதவீதம் கூடுதல் இழுவிசையை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது, அந்த நேரமெல்லாம் தந்தி அடங்கிக்கொண்டே வருகிறது. கேட்பவர் காந்தாரம் என்று உணர்வது அந்த ஓட்டத்தைத்தான். காந்தார மெட்டில் விரல் போய் நிற்பதே இல்லை. இதைக் கட்டைக்குக் கட்டை பதிந்த ஒலிகளில் வாசித்தால் ரி, ம, ரி, ம என்று நாலு தனி மீட்டு கேட்கும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரமான பிட்ச் பெண்ட் வீலால் வளைத்தால் பதிவு முழுவதும் டேப்பை வேகமாக ஓட்டியதுபோல் உயரும். தந்தி மட்டும் ஏறினால் பரவாயில்லை, வீணையின் உடலான குடமும் சேர்ந்து சின்னதாகிவிடுகிறது. இரண்டு மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இந்த ஏமாற்று தாங்காது.

இதற்கு மாற்று, ஒலியை விட்டுவிட்டுத் தந்தியையே கணக்கில் வைப்பது. கேட்கப் பெரிய காரியமாகத் தெரியும். ஸ்டான்ஃபோர்டில் கெவின் கார்பிளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் 1983இல் வெளியிட்ட முறை பள்ளி மாணவர் ஒரு மாலையில் எழுதக்கூடிய அளவு எளியது. ஒரு வரிசை நிறையத் தாறுமாறான எண்களை நிரப்புங்கள், மைனஸ் ஒன்றுக்கும் பிளஸ் ஒன்றுக்கும் இடையில். அதுதான் மீட்டு. வரிசையின் தலையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்புங்கள். அதையும் அதற்கு முன் எடுத்த எண்ணையும் சராசரி கண்டு, ஒன்றுக்குச் சற்றுக் குறைந்த எண்ணால் பெருக்கி, வரிசையின் வாலில் சேருங்கள். வினாடிக்கு 44,100 முறை இதையே செய்யுங்கள். முதல் சுற்று வெறும் இரைச்சல், ஆனால் அது 8 மில்லி வினாடிக்கும் குறைவு. சராசரி எடுக்க எடுக்க உயர்ந்த மேல்சுரங்கள் முதலில் தேய்கின்றன, அடிச்சுரம் கடைசிவரை நிற்கிறது. உண்மைத் தந்தியும் அப்படித்தான் அடங்குகிறது. ஒவ்வொரு மீட்டுக்கும் புதிய இரைச்சல் என்பதால் இரண்டு மீட்டு ஒருபோதும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. மென்மையான மீட்டு வேண்டுமானால் நிரப்பும் எண்களை முன்கூட்டியே நாலைந்து முறை சராசரி கண்டு மழுக்கிவிடுங்கள்.

வரிசையின் நீளம்தான் சுருதி. 1 கட்டை சுருதியில் மத்திய ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ். 44,100ஐ அதால் வகுத்தால் 337.1. சராசரி எடுப்பதே அரை சாம்பிள் தாமதம் (வரிசையின் ஓர் எண்தான் ஒரு சாம்பிள்), அதைக் கழித்தால் 336.6. முழு எண்ணாக 337 வைத்தால் 2 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழும், யாருக்கும் தெரியாது. இரண்டு ஸ்தாயி மேலே உள்ள அதிதார ஷட்ஜத்தில், 523.25 ஹெர்ட்ஸில், தேவை 83.78. அங்கே 84 என்று வைத்தால் நாலரை சென்ட் தாழ்கிறது, வேறு சில சுரங்களில் பத்து சென்ட் வரை போகும். தம்புராவோடு வைத்துக் கேட்டால் பத்து சென்ட் காதைக் கடிக்கும். ஆகவே வரிசையை 83 ஆக வைத்து மிச்சம் 0.78ஐ, ஒலியின் நிறத்தைத் தொடாமல் தாமதத்தை மட்டும் தரும் ஓர் 'ஆல்பாஸ்' ஃபில்டரால் தர வேண்டும். ஒன்றிலிருந்து மிச்சத்தைக் கழித்து, ஒன்றோடு மிச்சத்தைக் கூட்டியதால் வகுத்தால் அதன் கெழு கிடைக்கும், இங்கே 0.124.

இந்த ஆல்பாஸ் நிற்கும் சுரத்துக்குத்தான் நல்லது. கமகத்துக்காக நீளத்தை ஓடஓட மாற்றினால் அதன் நினைவில் இருக்கும் பழைய மதிப்பு புதிய கெழுவோடு மோதி 'டிக்' என்று தெறிக்கும். முழு எண்ணாக மாற்றினால் இன்னும் மோசம். அதிதாரத்தில் ஒரு சாம்பிள் 20 சென்ட், கமகம் மாடிப்படி ஏறும். ஓடும் சுரத்துக்கு நான்கு புள்ளி லக்ராஞ்ச் இடைக்கணிப்பு (பக்கத்து நான்கு எண்களிலிருந்து இடைமதிப்பைக் காண்பது) வையுங்கள். மேல்சுரம் சிறிது மங்கும், படியும் டிக்கும் போய்விடும். இந்த ஒரு இடத்தில்தான் பலர் வெறுத்துப்போய்க் 'கணினிக்கு நம் சங்கீதம் வராது' என்று எழுதிவிடுகிறார்கள் என்பது எங்கள் சந்தேகம்.

மற்ற கோளாறுகளையும் சொல்லிவிடுகிறோம். தாறுமாறான எண்களின் சராசரி சுழியாக இருக்காது. அந்த மிச்சம் சுற்றுக்குள் தங்கி, ஸ்பீக்கர் கூம்பைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்துவிடும், சுரத்தை வெட்டும்போது 'டப்' என்று கேட்கும். நிரப்பியவுடன் சராசரியைக் கண்டு எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட்டால் தீர்ந்தது. அடுத்தது நீடிப்பு. பெருக்கும் எண் எல்லாச் சுரத்துக்கும் ஒன்றாக இருந்தால் மேல் ஸ்தாயி சட்டென்று செத்துவிடும், ஏனென்றால் அங்கே வினாடிக்குச் சுற்றுகள் அதிகம். ஆயிரத்தில் ஒரு பங்காக அடங்க 130.8 ஹெர்ட்ஸில் 6 வினாடி வேண்டுமானால் 0.9912, 523 ஹெர்ட்ஸில் 3 வினாடி வேண்டுமானால் 0.9956. அப்படியும் மேல் ஸ்தாயிச் சுரங்கள் மரக்கட்டையைத் தட்டியதுபோல் 'டொக்' என்றிருக்கும். சரிபாதி சராசரி அங்கே மேல்சுரங்களை அளவுக்கு மீறித் தின்கிறது. பாதி பாதிக்குப் பதில் 0.9, 0.1 என்று எடை கொடுங்கள். கொடுத்துவிட்டு முன்பு கழித்த அரை சாம்பிளையும் 0.1 ஆக மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சுருதி விலகும்.

மீட்டும் இடமும் கணக்கில் வர வேண்டும். நிரப்பிய இரைச்சலிலிருந்து அதன் தாமதமான பிரதி ஒன்றைக் கழித்தால் மீட்டிய புள்ளியின் குணம் வந்துவிடும். வீணையின் முதல் தந்தியான சாரணியில், மெட்டு எதையும் தொடாமல், குதிரையிலிருந்து (தந்தியைத் தாங்கும் பாலத்திலிருந்து) எட்டில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டுவதாக வைத்தால் தாமதம் 42 சாம்பிள். வாசிப்பவரின் வலது கை நகருவதில்லை, ஆகவே எந்த மெட்டுக்குப் போனாலும் அதே 42தான். கடைசி மெட்டான 24ஆவதில் தந்தியின் சுற்று 84 சாம்பிள், 42 அதில் சரிபாதி. நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேல்சுரங்கள் காணாமல் போகும். பலர் எட்டில் ஒரு பங்கு என்று ஒவ்வொரு மெட்டுக்கும் புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள். அப்போதுதான் எல்லா மெட்டும் ஒரே நிறத்தில், பொம்மை வீணைபோல் ஒலிக்கிறது.

இப்போது காந்தாரம். மீட்டு ஒன்றுதான், எனவே இரைச்சலை ஒரே முறைதான் நிரப்ப வேண்டும். நீளத்தை மட்டும் ரிஷபத்தின் 318 சாம்பிளிலிருந்து மத்தியமத்தின் 252.6க்குச் சுருக்கி, விட்டு, மீண்டும் சுருக்குங்கள். நேர்கோட்டில் சாம்பிளைக் குறைக்காமல் சென்ட் கணக்கில் நகர்த்துங்கள், காது அப்படித்தான் அளக்கிறது. வைப்ரேட்டோவுக்கு வைக்கும் சைன் ஆட்டத்தை இங்கே போட்டால் ஆம்புலன்ஸ் வந்துவிடும். கமகத்தில் ஏற்றமும் இறக்கமும் சமமில்லை, இரு முனைகளிலும் சுரம் சற்றுத் தங்குகிறது. தொடங்குவதற்கு 80 மில்லி வினாடி ஏற்றம், 60 மேலே, 90 இறக்கம், 70 கீழே என்று புள்ளிகள் வைத்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எண்களைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். இன்னொரு கண்டிப்பு: மெட்டின் மேல் இழுத்த தந்தி மெட்டின் சுரத்துக்கு மேலே மட்டுமே போக முடியும். வளைவு மெட்டுக்குக் கீழே இறங்கிய கணத்தில் வீணை கிதாரின் வைப்ரேட்டோ நெம்புகோலாகிவிடும்.

தந்தி சரியானாலும் வீணை இன்னும் வராது, தம்புரா நிச்சயம் வராது. காரணம் குதிரை. கிதாரில் தந்தி கூர்மையான விளிம்பில் முடிகிறது. தம்புராவிலும் வீணையிலும் அகன்ற, மெல்ல வளைந்த பரப்பில் படுத்து எழுகிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் ஜீவா நூலை ஒரு மயிரிழை நகர்த்தினாலே ஒலி திறந்துகொள்ளும் அல்லது அடைத்துக்கொள்ளும், வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மேல்சுரத்தின் நிலைப்புள்ளியில் (அந்தச் சுரத்தில் தந்தி அசையாத இடத்தில்) மீட்டினால் அந்தச் சுரம் ஒலிக்கக்கூடாது என்பது மேலைநாட்டுத் தந்திகளுக்கான விதி. சி.வி. ராமன் 1921இல் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து, இந்தக் குதிரையில் அந்த விதி உடைகிறது, இல்லாதிருக்க வேண்டிய சுரமும் ஒலிக்கிறது என்று காட்டினார். ஒவ்வோர் அதிர்விலும் தந்தி பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் அதன் நீளமே அலைக்குள் மாறிக்கொண்டிருக்கிறது.

கணினியில் இதையும் அப்படியே செய்யலாம். சுற்றில் வரும் மதிப்பு பிளஸ்ஸாக இருக்கும்போது, அதன் அளவுக்கேற்ப வரிசையை மிகச் சிறிது சுருக்குங்கள். முழு பலத்தில் அரை சாம்பிளிலிருந்து தொடங்கலாம். மீட்டிய பிறகு மேல்சுரங்கள் மெல்ல ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து மலர்வதைக் கேட்பீர்கள். அதிகமாகப் போனால் மணல் அரைபடும், ஏனென்றால் புதிதாக முளைக்கும் சுரங்கள் 22,050 ஹெர்ட்ஸைத் தாண்டி மடிந்து கீழே விழுகின்றன. 88,200இல் கணக்கிட்டுப் பிறகு பாதியாக்கினால் குறையும். இயற்பியலை விட்டுக்கொடுக்காத முழு மாதிரியே வேண்டுமென்றால் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் தம்புராவுக்கென்றே ஒன்றை வெளியிட்டிருக்கிறார்கள், நம் ஊரில் யாரும் முந்திக்கொள்ளவில்லையே என்ற ஆதங்கம் எங்களுக்கு உண்டு. தம்புராவுக்கு நான்கு தந்தியும் நான்கு தனிச் சுற்றாக இருக்கட்டும். ஒன்றை மீட்டும்போது மற்றதை வெட்டாதீர்கள். இரண்டு சாரணிகளையும் அச்சுப் பிசகாமல் சேர்க்காதீர்கள், 0.2 அல்லது 0.3 ஹெர்ட்ஸ் விலகல் போதும், சுருதி உயிரோடு மூச்சுவிடும். நான்கு மீட்டைப் பதிந்து லூப் போட்டு விடும் செயலிகளில் பத்து நிமிடத்தில் காது சலித்துப்போவதற்குக் காரணம் இவை இல்லாததுதான்.

குடத்துக்கு எளிய வழி இருக்கிறது. தந்திகளைத் துணியால் கட்டி அடக்கிவிட்டு, குதிரைக்குப் பக்கத்தில் விரல் கணுவால் ஒரு தட்டு. அமைதியான அறையில் ஓரடி தூரத்தில் மைக். 300 மில்லி வினாடி போதும். தாறுமாறான எண்களை அந்தத் தட்டோடு 'கன்வல்யூஷன்' (ஓர் ஒலியின் அதிர்வை இன்னொன்றில் படியவைக்கும் கணக்கு) செய்து அதையே சுற்றுக்குள் செலுத்தினால் தந்தி குடத்தின் வழியாகப் பேசும். ஒலி முழுவதையும் ஓடஓடக் கன்வல்யூஷன் செய்யத் தேவையில்லை என்பதால் பழைய லேப்டாப்பும் தாங்கும். மைக்கைக் குடத்துக்கு மிக அருகில் வைத்தால் தாழ்ந்த அதிர்வுகள் பொங்கி ஒலி தவலையாகிவிடும்.

மிருதங்கத்தையும் கணக்கிட விரும்புவோருக்குச் சுருக்கமாக: சாதாரண வட்டத் தோலின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற பொருந்தாத விகிதத்தில் வரும், அதனால் சுருதி கிடையாது. வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை (நடுவே பூசும் கருப்புப் பசை) ஏறியதும் அவை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை ஒழுங்குக்கு வருகின்றன. தோலில் மெல்லிய மணலைத் தூவி அது கோடுகளாக ஒதுங்குவதைப் பார்த்து இதைக் காட்டியவரும் ராமன்தான். முதற்குறிப்பு 1920இல் வந்தது. ஆகவே ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒன்றாக ஐந்து ஒத்திசைப்பான்கள் போதும். 'நம்' சொல்லில் படிந்த விரல் முதல் அதிர்வை அடக்குகிறது, அதைக் கிட்டத்தட்டச் சுழியாக்குங்கள்.

இனி கட்டளைகள். மின்னணு வாத்தியங்களுக்குக் கட்டளை அனுப்பும் மிடி முறையில் பிட்ச் பெண்ட் 16,384 படி, ஆனால் வழக்கமான எல்லை இருபுறமும் இரண்டு அரைச்சுரம்தான், தோடி காந்தாரமே அதில் பாதியில் நின்றுவிடும். கண்ட்ரோலர் 101க்கு 0, 100க்கு 0, 6க்கு 12 என்று அனுப்பினால் எல்லை ஒரு ஸ்தாயியாகும். அப்போதும் ஒரு படி 0.15 சென்ட்தான், காதுக்கு எட்டாத நுணுக்கம். பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் வளைப்பது. சாரணியை இழுத்தால் தாளத் தந்திகளும் சேர்ந்து இழுபடும். ஏழு தந்திக்கு ஏழு சேனல் ஒதுக்கினால் இந்தத் தொல்லை இல்லை. 2018இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்) முறை சுரத்துக்கொரு சேனல் என்று இதையே ஒழுங்காக்கியது.

செலவில்லாமல் தொடங்க விரும்பும் மாணவர்கள் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளின் ஜெனரேட் பட்டியலில் 'பிளக்'கைத் திறந்து 48 என்ற எண் (மிடியில் நம் 130.8 ஹெர்ட்ஸ்) கொடுத்துக் கேட்கலாம், கார்பிளஸ்-ஸ்ட்ராங் முறை அதுதான். அடுத்த படிக்கு ஒலியை நிரலாக எழுதும் சிசவுண்ட், ஃபௌஸ்ட் மொழி, சி++ தெரிந்தவர்களுக்கு எஸ்.டி.கே. நூலகம். மூன்றும் இலவசம். எஸ்.டி.கே.யில் சித்தாருக்குத் தனி மாதிரியே இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பாடம்.

கடைசியாக, இணைப்பிதழைப் படித்துவிட்டு 'வீணை உள்ளது' என்று விற்கும் கீபோர்டு வாங்கப் போகிறவர்களுக்கு. கடையில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்து வீலை முழுவதும் மேலே தள்ளச் சொல்லுங்கள். தந்தியோடு குடத்தின் முழக்கமும் சேர்ந்து ஏறிச் சுருங்கினால் உள்ளே இருப்பது பதிவு. குடம் இருந்த இடத்திலேயே நிற்க, தந்தி மட்டும் ஏறினால் அங்கே யாரோ தந்தியைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இசை மென்பொருள், ஒலிப்பதிவுத் துறை வாசகர்கள் சிலர்,
சென்னை.